வெல்ஷுக்கு வாறம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வெல்ஷ் காட்டைப் பார்க்கப் போனேன். இரண்டு வெல்ஷ் காடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். காரணம் ஒரு சொல். இல்லை... இரண்டு சொற்கள்.

சுவிஸில் ஜெர்மன் பேசும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதல் சொல் தெரியும். மற்ற நாடுகளிலிருந்து இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பேர்ணிலோ லாங்கன்தாலிலோ ஒருவர் 'வெல்ஷ்' என்றால், இங்கிலாந்துக்கு மேற்கே கிடக்கும் வேல்ஸ் அல்ல. இதே சுவிஸின் பிரெஞ்சு பேசும் பக்கம். விமானம் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். நெடுஞ்சாலைப் பலகைகள் ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு மாறினால் வெல்ஷ் வந்துவிட்டது.

எங்கள் ஆட்களும் அப்படித்தான் பேசுவார்கள். "மகள் வெல்ஷில படிக்கிறாள்." "வெல்ஷ் பக்கத்து பேக்கரிப் பாண் நல்ல ருசி."

இரண்டாவது சொல் 'வாறம்', 'வருகிறோம்' என்பதன் எங்கள் ஊர்ப் பேச்சு. அதற்கு ஒரு வீட்டுக்குள் போக வேண்டும்.

லாங்கன்தாலில் இருக்கும் தவராசாவை எல்லோரும் தவம் அண்ணை என்போம். ஃபப்ரிக்கில், அதாவது தொழிற்சாலையில், மெஷின் பார்ப்பவர். அளந்து பேசுவார். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் பிழை திருத்தும் மேசையில் நான் வேலையைத் தொடங்கியவன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் 'பேப்பர்'. அவருடைய மகள் ஆரணிக்கு நான் பேப்பர் மாமா.

தவம் அண்ணைக்கு ஒரே தம்பி, குலம். அவரை சுவிஸுக்குக் கூப்பிட்டதும் தவம் அண்ணைதான், அதே ஃபப்ரிக்கில் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஏழு வருடங்களுக்கு முன் குலம் குடும்பத்தோடு பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தார். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்பது காரணம். நமக்குத் தெரிந்த எத்தனை குடும்பங்கள் இப்படிப் போயிருக்கின்றன! போன இடம் வேல்ஸ். நியூபோர்ட் என்ற ஊர்.

புறப்படுவதற்கு முதல் நாள் அண்ணன் வீட்டில் விருந்து. நானும் இருந்தேன். நல்ல ஆட்டுக்கறி. சாப்பாட்டுக்கு நடுவில் அண்ணன் கேட்டார், "இந்த நாட்டில உனக்கு என்ன குறை?"

தம்பி சொன்னார்: "அண்ணை, நீங்கள் இஞ்ச இருக்கிறியள். வாழேல்ல. ஃபப்ரிக், வீடு, கோயில். இவ்வளவு வருசத்தில இந்த நாட்டு மரம் ஒண்டின்ர பேராவது உங்களுக்குத் தெரியுமோ?"

தவம் அண்ணை கை கழுவிக்கொண்டு வந்து ஒரே சொல் சொன்னார்: "போ."

தம்பியும் வாசலில் நின்று ஒரே சொல் சொன்னார்: "போறன்."

தமிழ் வீட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகிறவரும் 'வாறன்' என்றுதான் சொல்லிப் புறப்படுகிறார். வரமாட்டேன் என்று தெரிந்தவரும் 'வாறன்' என்கிறார். அந்த வாசலில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவுமில்லை.

அன்றிலிருந்து தவம் அண்ணையின் மனைவி ராணி அக்கா வீட்டில் ஒரு சட்டம் போட்டார். 'போறன்' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஆரணி சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். இங்கே பிறந்த பிள்ளை. சட்டம் என்றால் சட்டம்! "பஸ்ஸுக்கு வாறன்" என்பாள். "அம்மா, நான் ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்கு வாறன்" என்பாள். ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு பேசுகிறாளா, வீட்டில் நின்றுகொண்டு பேசுகிறாளா என்று நான் குழம்பியதுண்டு.

சனிக்கிழமை இரவு அவள் குடும்பக் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

"ஹலோ எல்லாருக்கும்! அப்பாக்கு நாளைக்கு அறுபது. பார்ட்டி வேண்டாமாம். அதால நாங்கள் நாளைக்கு வெல்ஷுக்கு வாறம். பெரிய காடு ஒண்டு பாக்க. பேப்பர் மாமாவும் வாறார்!"

அந்தக் குரூப்பில் தவம் அண்ணை இல்லை, குலம் இருக்கிறார். அவர் உடனே எழுதினார்: "மெய்யோ பிள்ளை? அண்ணையுமோ?"

சித்தப்பா இத்தனை வருடத்தில் முதன்முறையாக அப்பாவைப் பற்றிக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் ஆரணி பதில் போட்டாள்: "ஓம் சித்தப்பா! அப்பான்ர ஐடியாதான்!" பக்கத்தில் ஒரு இதயம். பிறகு ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

பிழை எங்கே நடந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது. காரில் ஏறிய எங்கள் நால்வருக்கும் அது தெரியாது.

ஆரணிதான் ஓட்டினாள். பேர்ணில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். பலகைகள் பிரெஞ்சுக்கு மாறின. ஜூ பள்ளத்தாக்கில் ஏறும் முன் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். தவம் அண்ணை தன்னுடைய நல்ல ஜெர்மனில் நான்கு கோப்பி கேட்டார். கவுண்டரில் நின்ற பெண் அன்பாகச் சிரித்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இவர் திரும்பவும் ஜெர்மன். அவர் திரும்பவும் பிரெஞ்சு.

"பாடுபட்டுப் படிச்ச ஜெர்மன்," என்றார் ராணி அக்கா. "கொஞ்சத் தூரம் கார் ஓடினா நாங்கள் திரும்பவும் புது அகதி."

கடைசியில் விரலைக் காட்டிக் கோப்பி வாங்கினோம். கோப்பி நன்றாக இருந்தது.

மலைக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கு ஒரு நீளமான தட்டுப் போல விரிகிறது. நடுவில் ஏரி. குளிர்காலத்தில் உறைந்து, ஆட்கள் அதன்மேல் நடப்பார்களாம். கரையில் சின்னச் சின்ன ஊர்கள். லெ சாந்தியே என்ற ஊரில் கடிகாரத் தொழிற்சாலைகளுக்கு வரிசை வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். வெளிச்சம் வேண்டிய வேலை. அந்தச் சுவர்களுக்கு எதிரே, வேலிக்கு இந்தப் பக்கம், மணி கட்டிய மாடுகள் மேய்கின்றன. உலகத்தின் விலைகூடிய நேரம் உள்ளே தயாராகிறது. வெளியே நேரத்தைப் பற்றி எந்தக் கவலையுமில்லாத மாடுகள்.

இந்த ஊர்களுக்கெல்லாம் பின்னால், ஒரு கரும்பச்சை மதில் போல, ரிசூ காடு.

நான் காடுகளுக்காக உருகுகிற ஆள் இல்லை. மரம் என்றால் மரம். ஆனால் அங்கே உள்ளே நுழைந்து கொஞ்ச நேரத்தில் நால்வருக்கும் பேச்சு நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஏன் என்று யோசித்தேன். பிறகுதான் பிடிபட்டது. இந்தக் காட்டில் தண்ணீர்ச் சத்தம் இல்லை! ஓடை இல்லை, ஊற்று இல்லை. அடியில் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை அப்படியே பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிவிடுகிறது. நிலம் முழுக்கப் பாசி. நடந்தால் நம் காலடிகூடக் கேட்காது. நம் மூச்சு மட்டும் கேட்கும். அதுவும் கொஞ்சம் அதிகமாகவே கேட்பது போலிருக்கும்.

மரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடிழுத்தது போல மேலே போகின்றன. தலையை எவ்வளவு சாய்த்தாலும் நுனி தெரியவில்லை. வெட்டிய அடிமரம் ஒன்றின் அருகே குனிந்தேன். வருட வளையங்களை எண்ணலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அவ்வளவு நெருக்கம். என் விரல் நகத்தின் அகலத்துக்குள் எத்தனை வருடம்! நீண்ட குளிர், குறுகிய கோடை, மண்ணென்று சொல்ல முடியாத மண். அதனால் இந்த மரம் அவசரப்படுவதில்லை. அந்த மெதுவான வளர்ச்சிதான் மரத்துக்கு ஒரு சீரைக் கொடுக்கிறது. வயலினும் கிட்டாரும் செய்கிறவர்கள் இதைத் தேடி வருகிறார்கள்.

என் பக்கத்தில் நிற்கும் இந்த மரம் முளைத்தபோது எங்கள் தீவில் எந்த ராசா ஆண்டான்? தெரியவில்லை. நான் தொப்பியைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்றும் தெரியவில்லை.

தவம் அண்ணை முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு மரத்தடியில் நின்று பட்டையைத் தடவினார். ஒரு காயைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தார். அண்ணாந்து ஏதோ முணுமுணுத்தார்.

"பாத்தீங்களோ பேப்பர், மரத்தோட கதைக்கிறார்," என்றார் ராணி அக்கா. "சுகர் எண்டு டொக்டர் நடக்கச் சொன்னாராம். ஏழு வருசமா ஞாயிற்றுக்கிழமை எண்டால் காடுதான். என்னோட ஒரு நாள் இப்பிடிக் கதைச்சதில்லை."

காட்டின் மறுகோடியில் ஒரு கற்சுவர். சாந்து பூசாமல் அடுக்கிய கற்கள், இடுப்பளவு, பாசி மூடிக் கிடக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். காவலும் இல்லை, கம்பியும் இல்லை. உலகப் போர்க் காலத்தில் இந்தச் சுவரைத் தாண்டித்தான் எத்தனையோ பேர் உயிர் தப்பி இந்தப் பக்கம் வந்தார்களாம். இரண்டு பக்கமும் ஒரே மரங்கள். எந்த மரம் எந்த நாடு என்று மரத்துக்குத் தெரியாது.

அந்த இடத்தில்தான் ஆரணியின் பை நடுங்கியது. பிரான்சுக்கு நல்வரவு என்று ஃபோன் சொன்னது. அதன் பின்னால் மெசேஜ்கள் வரிசையாக வந்து விழுந்தன.

முதலில் ஒரு படம். ஆரணியின் சித்தி, குலத்தின் மனைவி, அனுப்பிய சாப்பாட்டு மேசை. இடியப்பம், சொதி, ஒரு கேக். கேக்கின் மேல் 60.

"இது ஏன் அனுப்பியிருக்கிறா?" என்றாள் ஆரணி.

பிறகு குலத்தின் குரல். அவள் யோசிக்காமல் சத்தமாகப் போட்டுவிட்டாள். அந்த மௌனத்தில் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"பிள்ளை, எந்த ஃப்ளைட் எண்டு நீ சொல்லேல்ல. பரவாயில்லை. நான் கேட்டனெண்டு அண்ணையிட்டச் சொல்லாத. நான் இப்ப காட்டுக்கு வாறன். வென்ட்வுட் எண்டு பேர். வீட்டில இருந்து கிட்டத்தான், ஆனா நான் ஒருநாளும் வந்து பாக்கேல்ல. கார் எங்க விடலாம், எந்தப் பாதை சுகம் எண்டு பாத்து வைக்கிறன். அண்ணைக்கு முழங்கால் இப்ப எப்பிடி?"

ஆரணிக்குத்தான் முதலில் விளங்கியது.

"மைன் கொட், கடவுளே... நான் வெல்ஷ் எண்டு சொன்னன். அவர் தன்ர வெல்ஷ் எண்டு நினைச்சிட்டார். வாறம் எண்டும் சொன்னன். நான் போறம் எண்டு சொல்லியிருக்கோணும்."

"அந்தச் சொல்லைச் சொல்லாத!" என்றார் ராணி அக்கா. அந்த நேரத்திலும் சட்டம் சட்டம்தான்.

பிறகு அவரே பதறினார். "ஃப்ளைட் கான்சல் எண்டு சொல்லு பிள்ளை. அப்பாக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு. என்னத்தையாவது சொல்லு. பாவம், அவன் மேசை போட்டு வைச்சிருக்கிறான்."

தவம் அண்ணை சுவரில் உட்கார்ந்திருந்தார். "பொய் சொல்ல வேண்டாம்," என்றார். கையை நீட்டினார். "ஃபோனைத் தா."

வீடியோவில் குலத்தின் முகம் வந்தது. தலையில் மழைத் தொப்பி. தாடி நரைத்திருந்தது. அண்ணனின் முகத்தை எதிர்பார்க்கவில்லை.

"அண்ணை?"

"குலம். நான் வரேல்ல."

ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் வசனம்! நான் தலைப்பு எழுதியிருந்தால் இதைவிட நல்லதாக எழுதியிருப்பேன்.

"பிள்ளை சொன்னது இஞ்சத்தை வெல்ஷ். பிரெஞ்சுப் பக்கம். நீயும் இஞ்ச இருந்தனிதானே?"

மழைச் சத்தத்துக்கு மேலாகக் குலம் சொன்னார்: "அந்தச் சொல்லே மறந்து போச்சு அண்ணை. இஞ்ச வெல்ஷ் எண்டால் இது ஒண்டுதான்." ஒரு சிரிப்பு. நல்ல சிரிப்பில்லை. "நானும் ஒரு விசரன். ராத்திரி முழுக்க வீடு துப்புரவாக்கினன். நீங்களாவது, வாறதாவது!"

தவம் அண்ணையின் பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை அழுத்தினால் இன்னுமொரு ஏழு வருடம். அறுபது வயதில் இன்னுமொரு ஏழு வருடம் எத்தனை தரம் கிடைக்கும்?

விரல் அழுத்தவில்லை. அவர் ஃபோனைத் திருப்பினார். கேமராவை மரங்களுக்குக் காட்டினார்.

"இதைப் பார். இது ரோட்டானே. பட்டை கொஞ்சம் சிவப்பு, காய் கீழ தொங்கும், முழுசா விழும். அது வைஸ்டானே. அதின்ர காய் மேல பாத்து நிக்கும், கீழ விழாது, மரத்திலயே உதிரும். அங்கால மஞ்சள் இலையோட நிக்கிறது பூக்கே. இஞ்சால ஆஹோர்ன்."

ஒவ்வொரு மரமாக, ஜெர்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் பின்னால் போனோம். ஃபப்ரிக்கில் மெஷின் பாகத்தைக் காட்டுகிற அதே குரல். ஏற்ற இறக்கம் இல்லை.

குலம் மெல்லக் கேட்டார்: "ஆர் அண்ணை சொல்லித் தந்தது?"

"ஆரும் சொல்லித் தரேல்ல," என்றார் தவம் அண்ணை. "நீ கேட்டனியெல்லே?"

ராணி அக்கா என் கையைப் பிடித்தார். "சுகர் எண்டெல்லோ சொன்னவர்..." என்றார்.

இப்போது குலம் தன்னுடைய ஃபோனைத் திருப்பினார். உள்ளங்கை அளவு திரையில் நான் பார்த்த இரண்டாவது வெல்ஷ் காடு.

அது வேறு ஜாதிக் காடு. இங்கே நேர்கோடு, அங்கே வளைவு. பரந்து கிளைத்த மரங்கள், துரு நிறத்தில் பன்னச் செடிகள், எல்லா இலைகளிலிருந்தும் மழை. மரங்களுக்கு இடையே ஒரு மேட்டுக்கு ஏறினார். காடு திறந்தது. கீழே வேலிச் செடிகளால் துண்டு துண்டாய்ப் பிரித்த வயல்கள், ஒரு தேவாலயக் கோபுரம், தூரத்தில் சாம்பல் நிறமாய் ஒரு பெரிய நீர்ப்பரப்பு. ஆறா கடலா என்று சொல்ல முடியாது. "சேவர்ன் ஆறு அண்ணை, கடலுக்குள்ள போகுது," என்றார் குலம். அவருடைய குரலும் தாழ்ந்திருந்தது. "இவ்வளவு கிட்ட இருந்திருக்கு. நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்."

ஒரு காடு ஃபோனுக்குள் இன்னொரு காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சுவரோரம் நான் நின்ற நிலையை என்ன சொல்ல? பிறகு வீட்டில் வைத்து இரண்டு வரி எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன்.

"ஊர்கள் எப்பிடி?" என்று கேட்டார் தவம் அண்ணை.

"பேரெல்லாம் 'எல்' ரெண்டு போட்டுத் தொடங்கும். வாய்க்குள்ள வராது. ரோட்டில 'அராவ்' எண்டு பெரிசா எழுதியிருக்கும். மெதுவாப் போ எண்டு அர்த்தமாம்."

"உனக்குப் பக்கத்தில நிக்கிறது என்ன மரம்?"

"தெரியாது அண்ணை."

"அங்கால நிக்கிறது?"

"அதுவும் தெரியாது. வெயார்ஹவுஸ், வீடு, கோயில்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இந்த முறை நல்ல சிரிப்பு. ரிசூ காட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு நாளாகியிருக்கும்.

"இலையைக் கிட்டக் காட்டு," என்றார் அண்ணன். பார்த்தார். "அது ஐகே. இங்கிலீஷில என்ன, பேப்பர்?"

"ஓக்," என்றேன். அன்று முழுக்க என்னால் ஆன ஒரே உதவி.

பிறகு பேச ஒன்றுமில்லாமல் போனது. இப்படியான இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பேச்சை முடிப்பார்கள். தவம் அண்ணையும் முடித்தார்.

"சரி. மழைக்குள்ள கன நேரம் நிக்காத. வாறன்."

வழக்கமான சொல். ஃபோனை வைக்கும்போது நாம் எல்லோரும் சொல்வது. அதற்கு அர்த்தம் 'வைக்கிறேன்' என்பதுதான். யாரும் திருப்பி ஒன்றும் கேட்பதில்லை.

குலம் கேட்டார்.

"எப்ப?"

தவம் அண்ணை சுவரைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். ராணி அக்காவைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

"டிசம்பரில, நத்தாருக்கு ஃபப்ரிக் பூட்டு," என்றார். பிறகு மகளிடம் திரும்பினார். "ஆரணி, பார்."

அவள் அந்த இடத்திலேயே, பிரான்ஸ் நாட்டு சிக்னலில், டிக்கெட் பார்க்கத் தொடங்கினாள்.

வீடு திரும்பியதும் பழைய பழக்கத்தில் அகராதியைப் புரட்டினேன். வேல்ஸும் இந்த வெல்ஷும் ஒரே வேர்ச் சொல்லாம். பழைய ஜெர்மானியர்கள், பேச்சு விளங்காத அயலானுக்கு வைத்த பெயர். அந்நியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் ஆரணி சொன்னதில் பிழையே இல்லை. பேக்கரியில் விரல் காட்டிக் கோப்பி வாங்கிய நாங்களும் வெல்ஷ்தான். 'அராவ்' என்ற எழுத்தைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற குலமும் வெல்ஷ்தான். அந்நியர் என்று பெயர் வைத்த நிலத்தில் மரங்களின் பெயரைக் கேட்டு நடந்தால்... ஒருநாள் அந்தப் பெயர் பொருந்தாமல் போகக்கூடும். அந்த மரங்கள் வளர்கிற வேகத்தில்தான் போகும். போகட்டும்.

கிறிஸ்மஸ் லீவுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ராணி அக்கா இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்த முறை சரியான வெல்ஷுக்குத்தான் வாறம்!" என்கிறார்.

டிக்கெட் பிரிஸ்டலுக்கு. அது இங்கிலாந்தில் இருக்கிறது என்று அவரிடம் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.